இலையில் நோய், மணியில் இழப்பு

இலைத்துரு நோய் கோதுமைக் கதிரைத் தீண்டுவது அரிது. ஆயினும் அந்நோய் முற்றிய வயலில் விளையும் மணிகள் சுருங்கிச் சிறுத்திருக்கும். இதன் காரணத்தை அறிய, மணி எவ்வாறு நிரம்புகிறது என்பதை முதலில் காண வேண்டும்.

மணியில் சேரும் மாவுப்பொருளின் பெரும்பகுதி, பயிர் பூத்த பின்னர் இலைகளில் நிகழும் ஒளிச்சேர்க்கையால் உருவாவது. அவ்விலைகளுள் கதிருக்கு மிக அருகிலுள்ள கடைசி இலையே முதன்மையானது. நெற்பயிரில் இதனைக் ‘கண்ணாடி இலை’ என்பர் நம் உழவர். இவ்விலை எத்தனை நாள் பசுமையாக நிற்கிறது என்பது மணியின் எடையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

பக்சீனியா டிரிட்டிசினா என்னும் பூஞ்சையே இலைத்துருவை உண்டாக்குகிறது. காற்றில் வந்து விழும் அதன் வித்து, இலைமேல் சில மணி நேரம் பனியீரம் நின்றால் முளைத்து, இலைத்துளை வழியே உட்புகும். செல்களை உடனே கொல்லாமல் அவற்றிலிருந்து உணவை உறிஞ்சும். மணிக்குச் செல்ல வேண்டிய சர்க்கரை பூஞ்சைக்குச் செல்லும். ஏறத்தாழப் பத்து நாளில் புறத்தோலைக் கிழித்துக்கொண்டு செம்பழுப்புக் கொப்புளங்கள் வெளிப்படும். தடவினால் விரலில் துருப்போல் தூள் ஒட்டும், பெயர்க்காரணம் அதுவே. கிழிந்த தோல் வழியே நீர் ஆவியாகும், பச்சையம் குன்றும், இலை காலத்துக்கு முன்பே காய்ந்துவிடும். பூக்கும் முன்னரே நோய் மிகுந்தால் மணிகளின் எண்ணிக்கையும் குறையும். பிந்தி வந்தால் பெரும்பாலும் எடை மட்டுமே குறையும்.

வட இந்தியச் சமவெளியின் கோடை வெப்பத்தில் இப்பூஞ்சை பிழைப்பதில்லை. அவ்வாறாயின் ஆண்டுதோறும் அது எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா இவ்வினாவுக்கு விடை காணப் பல்லாண்டுகள் உழைத்தார். கோடையிலும் குளிர்ச்சி நீங்காத மலைகளில், தானே முளைத்த கோதுமைச் செடிகளிலும் பருவமல்லாப் பயிரிலும் அது தங்கி வாழ்வதை அவர் கண்டறிந்தார். இமயமலையோடு நம் நீலகிரியும் பழனி மலையும் அத்தகைய இடங்களே. நவம்பரில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் நீலகிரி வித்துகளை மத்திய இந்திய வயல்களுக்குக் கொண்டு சேர்ப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் விளக்கினர்.

கோதுமைக்குப் பெயர் பெறாத தமிழ்நாட்டில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இயங்குவதன் பொருத்தம் இதனால் விளங்கும். துரு நோய் ஆண்டு முழுவதும் இயல்பாகவே நிலவும் அம்மலையில் பசுமை குன்றாது நிற்கும் வகைகளே எதிர்ப்புத்திறன் உடையவையெனத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பூஞ்சையும் புதுப்புது இனங்களாக மாறிவருவதால், ஒருமுறை தேறிய வகைகளும் மீண்டும் சோதிக்கப்படுகின்றன.