கிமியோ மிஷிமா

கிமியோ மிஷிமா (1932 – 2024) ஜப்பானைச் சேர்ந்த சுடுமண் சிற்பக் கலைஞர். செய்தித்தாள், விளம்பரத் தாள், படக்கதை இதழ், அட்டைப்பெட்டி, குளிர்பானக் குவளை என நாம் பயன்படுத்திவிட்டு எறியும் பொருள்களைக் களிமண்ணில் அசல் போலவே உருவாக்கியவர். இவை "உடையக்கூடிய அச்சுப்பொருள்கள்" என்று அழைக்கப்பட்டன.

ஓவியத்திலிருந்து களிமண்ணுக்கு

மிஷிமா ஒசாகாவில் பிறந்தார். முதலில் ஓவியராகவே அறியப்பட்டார். 1960களில் பழைய இதழ்களையும் செய்தித்தாள்களையும் கிழித்துத் துணிமேல் ஒட்டி ஓவியங்கள் அமைத்தார். 1970களின் தொடக்கத்தில் சுடுமண்ணுக்கு மாறினார்.

இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. அன்றாடம் வந்து குவியும் செய்திகளுக்குள் மனிதர் புதைந்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. காலையில் முக்கியமாகத் தோன்றும் செய்தி மாலையில் பழைய தாளாகிவிடுகிறது. காகிதம் தீயில் எரிந்துவிடும். களிமண்ணோ தீயில் இறுகும். ஆனால் கைதவறினால் நொறுங்கும். செய்தியின் பாரத்தையும் அதன் நிலையாமையையும் ஒருசேரக் காட்ட இப்பொருள் அவருக்கு ஏற்றதாக அமைந்தது.

செய்முறை

களிமண்ணை உருளைக்கட்டையால் மெல்லிய தகடாகத் தேய்ப்பார். அதன்மேல் செய்தித்தாளின் எழுத்துகளையும் படங்களையும் சில்க் ஸ்கிரீன் முறையில் பதிப்பார். ஈரம் காய்வதற்குள் தகட்டை மடித்தோ கசக்கியோ உருவம் கொடுத்துச் சூளையில் சுடுவார். தகடு தடித்தால் காகிதம் போலத் தோன்றாது. மிக மெலிந்தால் மடிக்கும்போதே விரிசல் விடும். பார்ப்பவர் உண்மையான தாள் என்றே நினைக்கும் அளவுக்கு இதில் அவர் தேர்ச்சி பெற்றார்.

பெரிய படைப்புகள்

பின்னாளில் குப்பையே அவருடைய கருப்பொருளும் மூலப்பொருளும் ஆயிற்று. கழிவை மிகுந்த வெப்பத்தில் உருக்கும்போது எஞ்சும் கசடைத் தம் படைப்புகளில் பயன்படுத்தினார். நவோஷிமா தீவின் திறந்தவெளியில், காகிதக் குப்பை நிறைந்த மாபெரும் குப்பைக்கூடை ஒன்று நிற்கிறது. இதை 2005இல் அவர் உருவாக்கினார்.

"இருபதாம் நூற்றாண்டின் நினைவு" என்பது அவருடைய மிகப் பெரிய படைப்பு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சூளைச் செங்கற்களில் அந்த நூற்றாண்டின் செய்தித்தாள் பகுதிகளைப் பதித்துத் தரையில் பரப்பியுள்ளார். 1984இல் தொடங்கிய இப்பணி 2013 வரை நீண்டது. டோக்கியோவின் ஜோனான்ஜிமா பகுதியில் இது வைக்கப்பட்டுள்ளது. போர்களும் வெற்றிகளும் விளம்பரங்களும் இதில் ஒரே அளவுள்ள செங்கற்களாக அருகருகே கிடக்கின்றன.

இறுதிக்காலம்

பரவலான கவனம் அவருக்கு முதுமையில்தான் கிடைத்தது. 2021இல் டோக்கியோவின் மோரி கலை அருங்காட்சியகம் எழுபது வயதைக் கடந்த 16 பெண் கலைஞர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவர்களுள் மிஷிமாவும் ஒருவர். 2024இல் டோக்கியோவின் நெரிமா கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், 91ஆம் வயதில் அவர் காலமானார்.