நாலாம் நம்பர் சாலை

2010-க்கு முன் சித்தூரில் யாரிடமாவது நேஷனல் ஹைவே 4 எது என்று கேட்டால் யோசிக்காமல் கைகாட்டியிருப்பார்கள். சென்னையில் கிளம்பி ராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர், முல்பாகல் வழியாகப் பெங்களூர் போய், மும்பை வரை நீளும் சாலை அது. திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு 205. திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி என்று போய் மதனப்பள்ளி தாண்டி அனந்தபூரில் முடியும்.

அந்த ஆண்டு நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வந்தன. புது முறையில் எண்ணே பேசும். வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை. மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும். பூதலப்பட்டிலிருந்து திருப்பதிக்குப் போகும் 140, சித்தூரைத் தொடும் 40-இன் கிளை. சென்னை–ரேணிகுண்டா சாலை 716. கொல்கத்தா சாலையான 16-இன் கிளை.

மென்பொருள் எழுதுகிறவர்களும் எண்ணை இப்படித்தான் பேசவைக்கிறார்கள். 2.4.1 போல மூன்று எண். பிழை திருத்தினால் கடைசி எண் ஏறும். பழையது கெடாமல் புது வசதி சேர்ந்தால் நடு எண். முதல் எண் ஏறினால் உஷார்: பழைய பதிப்பை நம்பி எழுதிய நிரல் இதில் ஓடாமல் போகலாம். இன்னொரு கண்டிப்பான விதி, ஒருமுறை வெளியிட்ட எண்ணில் வேறு சரக்கை வைக்கக் கூடாது.

நெடுஞ்சாலைக்காரர்கள் கோட்டைவிட்டது இங்கேதான். பழைய 205 இப்போது 716, 71, 42 என்று சிதறிக் கிடக்கிறது. அது பரவாயில்லை. ஆனால் 205 என்ற எண்ணைத் தூக்கிப் பஞ்சாப்–இமாச்சலச் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். 4 கடல் தாண்டி அந்தமானுக்கே போய்விட்டது! நிலப் பத்திரத்தில் 'கிழக்கே என்.எச். 205' என்று எல்லை எழுதியிருந்தால், இன்றைய வரைபடத்தில் அந்த எல்லை இமாச்சலத்தில் இருக்கும்.

ரயில்வே இன்னும் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 2010 டிசம்பர் 20 முதல் நாலிலக்க வண்டி எண்கள் ஐந்திலக்கமாயின. சென்னை–திருப்பதி சப்தகிரி எக்ஸ்பிரஸ் 6057-ஆக இருந்தது. முன்னால் ஒரு 1 சேர்ந்து 16057 ஆயிற்று. பழைய எண் உள்ளேயே பத்திரமாக இருந்ததால் யாரும் வண்டியைத் தவறவிட்டிருக்க வாய்ப்பில்லை. கொரோனா காலத்தில் வழக்கமான வண்டிகளையே ஸ்பெஷலாக விட்டபோது முதல் இலக்கம் பூஜ்யமானது. மென்பொருளிலும் 0 என்று தொடங்கும் பதிப்புக்கு அதே பொருள்தான்: எதுவும் மாறலாம், நம்பி உட்காராதே. 2021 நவம்பரில் பழைய எண்களைத் திருப்பித் தர உத்தரவு வந்தது.

தபால்காரர்களோ எதையும் தொடவில்லை. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் பின்கோடு சித்தூருக்கு 517001, திருப்பதிக்கு 517501 என்றே நிற்கிறது.

வண்டிகளின் நம்பர் பலகைதான் இரண்டுங்கெட்டான். 03 என்றால் சித்தூர் மாவட்டம். 2019-இல் ஆந்திரம் முழுவதற்கும் 39 என்று ஒரே வரிசை கொண்டுவந்தார்கள். பழைய வண்டிகள் 03-உடனேயே ஓடலாம் என்பதால் எதுவும் உடையவில்லை. ஆனால் திருப்பதி மலையடிவாரத்தில் வந்து நிற்கும் 39 வண்டி உள்ளூரா, ஸ்ரீகாகுளமா என்று டிரைவரைக் கேட்டால்தான் தெரியும்.