மின்கற்றல் மாநாட்டுக்கு முன்மொழிவு எழுதுதல்

மின்கற்றல் மாநாடுகளுக்குக் கட்டுரை அழைப்பு வெளிவரும்போது, அது பல்கலைக்கழகத்தாருக்கு உரியது என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வொதுக்கத்தால் தமிழ்க் கல்விக்கு நேரும் இழப்பையும், நல்லதொரு முன்மொழிவு அமையும் முறையையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இம்மாநாட்டு மரபு நமக்குத் தொலைவானதன்று. 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த மாநாடு, தமிழ்99 விசைப்பலகைக்கும் 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்திற்கும் வழிவகுத்தது. 2000ஆம் ஆண்டில் ‘உத்தமம்’ எனும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001இலும் 2013இலும் மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. இத்தகைய மாநாடுகளில் முதலில் கருத்துச் சுருக்கமே கேட்கப்படும். அது மதிப்பிடப்பட்டு ஏற்கப்பெற்ற பின்னரே முழுக்கட்டுரை எழுத வேண்டும்.

நம் வட்டாரத்தில் சொல்வதற்குச் செய்தி உண்டா? உண்டு. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் பகுதி ஆசிரியர்களும் பாடங்களை இயங்கலைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டில் ஒரே திறன்பேசி இருந்து, அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் குடும்பங்களில், பிள்ளைகள் இரவில்தான் புலனத்தில் வந்த பாடத்தைக் கேட்டனர். அந்நிலையில் ஆசிரியர்கள் கண்டறிந்த வழிகளுள் எழுத்தில் பதிவானவை மிகச் சிலவே. பதிவாகாத பட்டறிவு, அவ்வாசிரியர் பணி ஓய்வு பெறும் நாளில் அவரோடு போய்விடும்.

முன்மொழிவு நான்கு வினாக்களுக்கு விடை தருதல் வேண்டும். சிக்கல் யாது? செய்தது யாது? எதனைக் கொண்டு அளந்தோம்? கண்டது யாது? செயலியின் சிறப்பையோ தமிழின் தொன்மையையோ புகழும் வரிகள் இவற்றுள் எதற்கும் விடையாகா. ‘தொழில்நுட்பத்தின்வழித் தமிழ் கற்பித்தல்’ என்னும் தலைப்பு எதையும் வரையறுப்பதில்லை.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்றாம் ஆண்டு மாணவர் பதினொருவர், சொல்வதெழுதுதலில் ‘மழை’ என்பதை ‘மளை’ என்றும், ‘பந்து’ என்பதை ‘பன்து’ என்றும் எழுதுகின்றனர். ஆசிரியர் எட்டு வாரம் ஒலிப்பதிவுகளை அனுப்பிப் பயிற்சியளிக்கின்றார். இரண்டையும் ‘எழுத்துப் பிழை’ என்று ஒரே கூடையில் இட்டால் ஆய்வு மங்கிவிடும். ழகரம், நா மேலண்ணத்தைத் தொடாமல் வளைந்து ஒலிப்பது. ளகரம் தொட்டு ஒலிப்பது. இவ்வேறுபாட்டைச் செவியால் உணரலாம். ஆகவே ஒலிப்பதிவு பயன்தர இடமுண்டு. ந, ன என்பவற்றின் ஒலிப்பு வேறுபாடோ இன்றைய பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சொல்லில் எழுத்து நிற்கும் இடமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றது. மொழிமுதலிலும் தகரத்திற்கு முன்னும் நகரம் வரும் என்னும் விதியைக் கற்பிக்காமல், எத்தனை முறை கேட்கச் செய்தாலும் பயன் விளையாது. ஆகவே, ‘ஒலிப்பதிவுப் பயிற்சி ழகர ளகர மயக்கத்தைக் குறைக்கின்றதா?’ என்று ஒரே வினாவை எழுப்புவதே தக்கது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு கடினமான சொற்களைக் கொண்டு சோதித்து, பிழைகளை எண்ணிக் காட்டினால் அதுவே சான்றாகும்.

பதினொருவர் போதுமா எனும் ஐயம் எழலாம். 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட தோட்டப் பள்ளிகளில் வகுப்பே அவ்வளவுதான். எண்ணிக்கையை மறைக்காமல் கூறி, முடிவை அவ்வகுப்பின் அளவிலேயே நிறுத்திக்கொண்டால் குறையாகாது. அனைத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் பொருந்தும் என்று நீட்டுவதே குறையாகும். பிள்ளைகளின் குரல் பதிவுக்குப் பெற்றோர், பள்ளி ஆகியோரின் ஒப்புதல் பெறுதலும், பெயர்களை வெளியிடாமையும் கடமையாகும்.

சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் கல்விக் கழக வளாகம் உள்ளது. பயிற்சி மாணவர் ஒருவரும் பள்ளி ஆசிரியர் ஒருவரும் இணைந்து எழுதினால், ஒருவரின் நூலறிவும் மற்றவரின் வகுப்பறை அறிவும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். ‘கித்தா’, ‘தண்டல்’, ‘லயம்’ போன்ற சொற்களோடு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை தமிழ் எழுத்தில் எங்கே தடுமாறுகின்றது என்பதை அப்பிள்ளையின் ஆசிரியரைவிட நன்கறிந்தவர் யார்? அவர் எழுதாவிடில், நம் பிள்ளைகளுக்கான கருவிகளைப் பிறர் பிற நிலத்துப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு வடிவமைப்பர். அடுத்த அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; இவ்வாரச் சொல்வதெழுதுதல் ஏடுகளில் பிழைகளை வகைப்படுத்தி எண்ணத் தொடங்கலாம்.