மறதியும் மூளையின் சேமநிதியும்

சில காலத்திற்கு முன் புகாரொன்று நம்மிடம் விசாரணைக்கு வந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்து நெசவாளர் ஒருவர், தமக்குச் சேரவேண்டிய சிக்கன நிதித் தொகையைச் சங்கத்தார் கொடுக்கவில்லையென்று எழுதியிருந்தார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்ததில், தொகையைப் பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையொப்பமே இருந்தது. “வாங்கிய பணத்தை இல்லையென்கிறார்” என்று அங்கத்தினர் சிலர் ஏசினர். தறியை விட்டுவிட்டு இரும்புலியூரில் புதல்வர் இல்லத்தில் வாழ்ந்துவந்த அவரை நேரில் காணச் சென்றோம்.

நாற்பதாண்டுகளுக்கு முன் தாம் நெய்த சேலையின் இழைக்கணக்கை அவர் தங்குதடையின்றிச் சொன்னார். அன்று காலையில் உண்டது என்னவென்று சொல்ல அவரால் இயலவில்லை. முந்தின மாதம் கோயிலுக்குச் சென்றவர், வீட்டுக்கு வழி தெரியாமல், மதுரவாயல் புறவழிச்சாலை ஜி.எஸ்.டி. சாலையினின்று பிரியுமிடத்தில் வாகன நெரிசலுக்கிடையே திகைத்து நின்றாராம். மருமகள் கண்கலங்க இதனைக் கூறினார். அவர் பொய்யரல்லர், நோயுற்றவர் என்பது நமக்கு விளங்கிற்று.

பாஸ் புத்தகத்தை எங்கே வைத்தோமென்று தேடுவது எல்லோருக்கும் இயல்பு. பாஸ் புத்தகம் எதற்கென்றே விளங்காமற் போவதுதான் மறதி நோய். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. முதுமையின் விதி இதுவென்று வாளாவிருத்தல் கூடாது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களை எடுத்துக்காட்டி, அவை யாவும் களையப்பட்டால் இந்நோயில் 100-க்கு 45 பங்கைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடுமென்று கணித்தது. அவற்றுட் பல நம் அன்றாட வழக்கங்களைச் சார்ந்தவை.

மூளை நம் உடலின் எடையில் 100-க்கு 2 பங்கே. ஆயினும் உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கு அதற்கே செலவாகிறது. இதனைக் கொண்டு செல்பவை நுண்ணிய ரத்தக் குழாய்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியன அக்குழாய்களைச் சிறுகச் சிறுகக் கெடுக்கின்றன. ஆதலால் இருதயத்திற்கு நன்மை பயப்பது பெரும்பாலும் மூளைக்கும் நன்மை பயக்கும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாயிருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் நாள்தோறும் இலைக்கு வருமானால் இவ்வளவு எளிதிற் கடந்துபோகும். கொதிப்பும் சர்க்கரையும் வலியின்றி வளர்பவை. எனவே சோதித்துப் பார்த்தாலன்றித் தெரியா. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதற்கென்றே வீட்டு வாயிலுக்கு வருவதாகும்.

குழித்தறியில் கால் மிதித்தாலும் உடல் நாள் முழுதும் ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கிறது. வாரத்தில் 150 நிமிஷமேனும் விரைந்து நடத்தல் நலம். வாகனப் புகையும் மூளைக்குத் தீங்கென்று அறியப்பட்டிருப்பதால், பெருஞ்சாலையோரத்தை விட்டு உட்தெருக்களில் நடப்பது நன்று. இரு சக்கர வண்டியில் சந்தைக்குச் செல்லும் விவசாய அன்பர்கள் தலைக்கவசத்தை வண்டியில் மாட்டி வையாமல் தலையில் அணியவேண்டும்; தலைக்காயமும் அப்பதினான்கில் ஒன்று.

விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் செவியைக் கெடுக்கும். செவி மந்தமானவர் பேச்சினின்று ஒதுங்குவார். ஒதுங்கினவருடைய மூளைக்கு வேலை குறையும். கண் மங்கினவர் நிலையும் இதுவே. காதுக்கு அடைப்பும், வேண்டியவர்க்குக் காது கேட்கும் கருவியும், கண்புரைக்கு உரிய காலத்தில் சிகிச்சையும் வீண்செலவாகா.

நிகர லாபத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் சேமநிதிக்கு ஒதுக்குகிறோம். நஷ்டம் வந்த ஆண்டில் சங்கம் அதனால் தாங்கி நிற்கிறது. மூளைக்கும் அத்தகைய சேமநிதி உண்டென்பர் மருத்துவர். இளமையிற் பெற்ற கல்வி, பிற்காலத்திற் கற்ற புதுத் தொழில், நாள்தோறும் வாசித்தல், நாலு பேருடன் கலந்து பேசுதல் யாவும் அதிற் சேர்கின்றன. அந்நிதியுடையவர் நோயின் சேதத்தை நெடுநாள் தாங்குகின்றார். புதிய டிசைனைக் கணக்கிட்டு விழுது கோக்கும் நெசவாளரும், பொதுக்குழுவில் எழுந்து வரவு செலவைக் கேள்வி கேட்கும் அங்கத்தினரும் இந்நிதிக்குச் சந்தா செலுத்துகின்றனர் என்று கொள்ளலாம். இரவில் நிறைந்த உறக்கமும் வேண்டும். உறங்காதவனுக்கு முதல் நாட் கற்றது மனத்தில் நிலைப்பதில்லை.

இவற்றைக் கைக்கொண்டோர் ஒருவருக்கும் இந்நோய் வாராதென்று உறுதி கூறுவதற்கில்லை. எனினும் வரும் வாய்ப்புக் குறைகிறது. மறதி மிகுந்தால் மறைக்காமல் அரசு மருத்துவமனையை அணுகுதல் வேண்டும். பி-12 சத்துக் குறைவாலும் தைராய்டுக் குறைவாலும் நேர்ந்த மறதி சிகிச்சையால் தேறக்கூடியது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. முதிய அங்கத்தினருக்குத் தொகை வழங்கும்போது அவர் சம்மதத்துடன் குடும்பத்தார் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். வாரிசு நியமனத்தை அவர் நினைவு தெளிந்திருக்கையிலேயே பதிவு செய்யுங்கள். தறியை விட்டவரையும் கூட்டத்திற்கு அழையுங்கள்.

இரும்புலியூர் விசாரணையின் அறிக்கையில், தொகை வழங்கப்பட்டிருக்கிறதென்றும் புகாருக்கு ஆதாரமில்லையென்றும் எழுதவேண்டியிருந்தது. புகார் கூறியவர் மீதும் குற்றமில்லை என்னும் வரியையும் அதனடியில் சேர்த்தோம். பின்னர் நடந்த கூட்டத்தில் அவ்வரியை உரக்க வாசிக்கச் செய்தோம். ஏசினவர்களும் அதனைக் கேட்டனர்.