பெரிய நாயின் வயிறு உப்பினால் எண்ணெய் ஊற்றாதீர்கள்

ராத்திரி சோறு வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு ஓரிடத்தில் படுக்காமல் அலைகிறது. தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, குமட்டிக் குமட்டி வாந்தி எடுக்கப் பார்க்கிறது. வெளியே வருவது நுரைத்த எச்சில் மட்டும்தான். "அஜீரணமாக இருக்கும், விடிந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டார் விளக்கை அணைத்துவிட்டால், விடியும்போது அந்த நாய் உயிரோடு இருக்காமல் போகலாம்.

இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் நோய் இது. கால்நடை மருத்துவர்கள் சுருக்கமாக ஜி.டி.வி. என்பார்கள். மாத்திரையால் தீராது. அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

உள்ளே என்ன நடக்கிறது

இரைப்பைக்கு மேலே உணவுக்குழாய், கீழே குடல். உப்பிய இரைப்பை சுழலும்போது, மிட்டாய்க் காகிதத்தை முறுக்கினாற்போல இரண்டு வாசலும் அடைபடுகின்றன. அதன்பின் ஏப்பமும் வராது, வாந்தியும் வராது. காற்று மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஒட்டியிருக்கும் மண்ணீரலும் சேர்ந்து இழுபடும்.

உயிரைப் பறிப்பது வெறும் காற்று அல்ல. வீங்கிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை நசுக்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது, நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. ரத்தம் கிடைக்காத இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால், முறுக்கை அவிழ்த்த பிறகும் இதயத் துடிப்பு தாறுமாறாகி நாய் இறப்பதுண்டு. அதனால்தான் மருத்துவர்கள் மணிக்கணக்குப் பார்க்கிறார்கள்.

மாட்டு வைத்தியம் இங்கே உதவாது

நம் தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் பக்கத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு வயிறு உப்புசம் புதிதல்ல. இளம்பயிரை மேய்ந்த மாட்டுக்கு வயிற்றில் நுரை கட்டினால் எண்ணெய் புகட்டுவார்கள். எண்ணெய் அந்த நுரையை உடைக்கும் என்பதால் அதில் நியாயம் உண்டு. அதே அனுபவத்தை நாயிடம் கொண்டுவருவதில்தான் ஆபத்து இருக்கிறது. முறுக்கிய இரைப்பைக்குள் எண்ணெயும் போகாது, ஓமத்தண்ணீரும் போகாது, மெடிக்கலில் வாங்கும் வாயு மருந்தும் போகாது. குமட்டிக்கொண்டிருக்கும் நாயின் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலும் கெடும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, வயிற்றை அமுக்கித் தடவுவது எல்லாம் வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது மருத்துவரின் கைக்கு மட்டுமே உரிய வேலை.

எந்த நாய்க்கு ஆபத்து

ஆழமான, ஒடுங்கிய நெஞ்சு கொண்ட பெரிய நாய்கள்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. கிரேட் டேன் வரிசையில் முதலாவது. அந்த இனத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாழ்நாளில் எப்போதாவது இதில் சிக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். செயின்ட் பெர்னார்டு, ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன் ஆகியவையும் பட்டியலில் உண்டு. லாப்ரடாருக்கு ஆபத்து அவ்வளவு இல்லை, ஆனாலும் வரும்.

நம் பக்கத்து வேட்டை நாய்களையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்துக் கன்னி, பக்கத்து விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, இராஜபாளையம் எல்லாமே ஆழ்ந்த நெஞ்சும் ஒட்டிய வயிறும் கொண்டவை. "நாட்டு நாய், எதையும் தாங்கும்" என்ற பெருமை உண்மைதான். ஆனால் ஆபத்தைத் தீர்மானிப்பது உடல்வாகு. இந்த இனங்களை வளர்ப்பவர்கள் தங்களுக்கு விதிவிலக்கு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

வயது ஏற ஏற ஆபத்தும் கூடும். பயந்த சுபாவமுள்ள நாய்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

இந்த அடையாளங்களைப் பாருங்கள்

முதல் அடையாளம், எதுவும் வெளிவராத குமட்டல். பெரிய நாயிடம் இது ஒன்றைக் கண்டாலே கிளம்பிவிடலாம். நிலைகொள்ளாமல் நடப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, எச்சில் வழிவது, முனகுவது ஆகியவை கூட வரும். வயிறு வீங்கி, தட்டினால் தம்பட்டம்போல் ஒலிக்கலாம். ஆனால் வீக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஆழ்ந்த நெஞ்சுள்ள நாயில் உப்பிய இரைப்பை விலா எலும்புக்குள்ளேயே மறைந்திருக்கும், வெளியே ஒன்றுமே தெரியாது.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாளில் இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். வெளுத்திருந்தாலோ, நிறம் திரும்பத் தாமதமானாலோ ரத்த ஓட்டம் சரியில்லை என்று பொருள். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்கு கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். நாய் நலமாக இருக்கும்போதே இவற்றைப் பார்த்துப் பழகினால்தான் கெட்ட இரவில் வித்தியாசம் பிடிபடும்.

காற்று மட்டும் சேர்ந்திருக்கிறதா, முறுக்கும் விழுந்திருக்கிறதா என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே வேண்டும்.

ராத்திரியில் எங்கே போவது

நம் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டியது இதைத்தான். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நோயில் ஒரு மணி நேரம் பெரிய விஷயம். ஆகவே பகல் பொழுதில், நாய் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மருத்துவர்களிடமும் அந்தக் கல்லூரியிலும் விசாரித்துவிடுங்கள். ராத்திரியில் மருத்துவர் இருப்பாரா? எக்ஸ்ரே எடுக்க முடியுமா? மயக்க மருந்து கொடுத்து வயிற்று அறுவை செய்ய வசதி உண்டா? இல்லையென்றால், காற்றை இறக்கி, முன்னங்காலில் சலைன் ஏற்றி, மேல்சிகிச்சைக்கு அனுப்பவாவது முடியுமா? இந்த முதலுதவி கிடைத்தால் நாய் அடுத்த ஊர்வரை தாங்க வாய்ப்பு கூடும்.

1962 என்ற அரசு எண்ணில் கால்நடை அவசர உதவி கேட்கலாம். ஆனால் அழைத்தால் வரும் நடமாடும் வண்டியில் இந்த அறுவை சிகிச்சை நடக்காது. அழைத்துக்கொண்டே கிளம்புங்கள். நாயை நடக்க விடாமல், போர்வையில் கிடத்தி இரண்டு பேராகத் தூக்குங்கள். "குமட்டுகிறது, ஒன்றும் வரவில்லை, வயிறு உப்பியிருக்கிறது" என்று மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போனில் சொல்லிவிடுங்கள்.

சோறு வைக்கும் முறை

நாளுக்கு ஒரே வேளையாகத் தட்டு நிறையச் சோறும் மீனும் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை மாற்றுங்கள். ஒரே வேளையில் பேரளவு தின்னும் நாய்க்கு ஆபத்து அதிகம். அதே உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். அவசரமாக விழுங்கும் நாய்க்கு அகலத் தாம்பாளத்தில் பரப்பிக் கொடுங்கள். இரண்டு நாய் இருந்தால் தனித்தனியே வையுங்கள், போட்டி இருந்தால் வேகம் கூடும்.

உயரமான ஸ்டாண்டில் தட்டு வைத்தால் நல்லது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1,600க்கும் மேற்பட்ட பெரிய நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறாகத்தான் தெரியவந்தது. உயர்ந்த தட்டும் வேகமாகத் தின்பதும் ஆபத்தைக் கூட்டுபவையாகவே தென்பட்டன. சாப்பிட்டவுடன் தண்ணீரை மறைத்து வைப்பதால் பயன் இருந்ததாகவும் தெரியவில்லை. இந்தக் கடற்கரை வெயிலில் நாய்க்குத் தண்ணீரைத் தடுப்பது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு முத்துநகர் கடற்கரைக்கு ஓடக் கூட்டிப்போவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முறுக்கைத் தடுக்கும் தையல்

உணவு முறையைவிட உறுதியான காவல் ஒன்று உண்டு. இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவது. உப்புசம் வந்தாலும் முறுக்கு விழாமல் பெரும்பாலும் அது காத்துவிடும். முறுக்கை மட்டும் அவிழ்த்து, தைக்காமல் விட்ட நாய்களில் பாதிக்கும் மேல் மறுபடி அதே நிலைக்கு வருகின்றன. தைத்தவற்றில் நூற்றுக்கு ஐந்துக்குக்கூட அது மறுபடி வருவதில்லை. அமெரிக்க ராணுவம் தன் பெரிய பணி நாய்களுக்கு நோய் வருமுன்பே இதைச் செய்துவிடுகிறது. கருத்தடை அறுவைக்கு நாயைக் கொண்டுபோகும்போது இதையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கிரேட் டேன் வளர்ப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

கடைசியாக, குட்டி எடுத்து விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாய், தகப்பன், உடன்பிறந்த குட்டி ஆகியவற்றில் ஒன்றுக்கு இது வந்திருந்தால் மற்றவற்றுக்கும் ஆபத்து கூடுகிறது என்பதையும் அந்த 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இரைப்பை முறுக்கிய நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். அதன் குட்டிகள் ஏற்கெனவே கைமாறியிருந்தால், வாங்கியவர்களை அழைத்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.