திட்டாமல் சொல்ல வேண்டிய பாடம்

2018 டிசம்பர் 3. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு வந்த கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். 2016-இல் முகாமில் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தெரிய வந்ததும் தானே தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. மாதம் முடிவதற்குள் அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருக்குத் தொற்று எப்படி வந்தது என்பது இங்கே பேச்சல்ல. உரிய நேரத்தில் ஒரு சொல் போய்ச் சேராததுதான் பேச்சு.

அதே ரத்த வழியில் வருவது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ். வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இளைஞர்களைப் பிடித்திருக்கிறது. ஒரே சிரிஞ்சு கைமாறும்போது இந்த வைரஸும் கைமாறுகிறது. ஊசியைத் தனியாக வைத்துக்கொண்டாலும் போதாது; கரைக்கும் தண்ணீர், மூடி, பஞ்சு எல்லாமே தொற்றைக் கடத்தும். சிரிஞ்சில் தங்கிய ரத்தத்தில் வைரஸ் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். தண்ணீரில் அலசினால் போய்விடாது.

காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் ஹெபடைடிஸ் சி தொற்றிய பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. தொற்றியவர்களில் பத்துக்கு ஏழு பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்குகிறது. தடுப்பூசி கிடையாது. ஆனால் குணமாக்கும் மாத்திரை உண்டு. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். குணமானவருக்கும் பழைய ஊசியால் மறுபடி தொற்றலாம். இந்த ஆபத்தைக் குறைக்கும் புது ஊசியும், பழக்கத்திலிருந்து மீள நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தருகிறார்கள்.

திட்டாமல் எச்சரிப்பது சிவகாசிக்குப் புரியாத பாடமல்ல. பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவரிடம் உராய்வு ஆகாது, செருப்பு ஆகாது என்று தினமும் சொல்கிறோம். அவரைக் கேவலப்படுத்தவா சொல்கிறோம்? உயிரோடு வீடு திரும்பத்தானே!

அதே அக்கறையோடு ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் இதைச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பையில் சிரிஞ்சைக் கண்ட பெற்றோரே, கை ஓங்காதீர்கள். 'வா, டெஸ்ட் எடுப்போம்' என்று அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கு 14446, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.