தீர்மானம் போட்டால் போதுமா?

கொமரலிங்கத்தில், அமராவதி ஆற்றிலிருந்து பிரியும் பழைய வாய்க்காலில் தண்ணீர் வந்தால் விவசாயி முதலில் கேட்பது, "நம்ம முறை எப்போ?" என்பதைத்தான். தலைமடைக்காரர் தன் முறை முடிந்ததும் நாலு வெட்டு மண்ணைப் போட்டு மடையை அடைக்க வேண்டும். அவர் அசந்தால் கடைமடையில் நாற்று காயும். எல்லோருக்கும் தண்ணீர் என்று ஊர் கூடிப் பேசிவிடலாம். மடையை அடைக்க ஆள் வேண்டுமே!

இதே மாவட்டத்தின் தலைநகரான திருப்பூர், இந்தப் பாடத்துக்குப் பெரிய விலை கொடுத்தது.

பனியன் ஏற்றுமதி வளர வளர, சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, மூன்று மாத அவகாசம் கொடுத்தது. கடைசியில் 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. சாயம் இல்லாமல் துணி ஏது? ஊரே தடுமாறியது.

பட்டறைக்காரர்கள் அதுவரை சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள், கடன் வாங்கினார்கள், கோடிக்கணக்கில் கொட்டிச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். இலக்கும் தெளிவாகவே இருந்தது. சவ்வு வடிகட்டலில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டர்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பழியை இயந்திரத்தின் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. நிலையத்தின் பங்குதாரர்கள் பட்டறைக்காரர்கள், இயக்குநர்களும் அவர்களே. ஆர்டர் நெருக்கும் வாரத்தில் ஒரு பட்டறை தன் அளவைத் தாண்டிக் கழிவு அனுப்பினால், வால்வை மூடச் சொல்ல வேண்டியவரும் இன்னொரு பட்டறைக்காரர்தான். மாமன் மச்சானிடம், நாளைக்குத் துணி கொடுக்கப்போகிறவரிடம், எந்த முகத்தோடு சொல்வார்? சொல்ல முடியாத இடத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அவர் சொல்லவில்லையே என்று குறைபடுவதில் நியாயமில்லை. அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. நாம் ஆளை நம்பினோம்.

மூடலுக்குப் பிறகுதான் விஷயம் இறுகியது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உப்புக் கரைசலை அப்படியே மீட்டு மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் தேறியது. மற்ற நிலையங்களுக்கும் வழி பிறந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் அளவு, அதற்கு மீட்டர், லிட்டர் கணக்கில் கட்டணம் என்று நடைமுறை கெட்டிப்பட்டது. இன்று வெளிநாட்டு பையரிடம் திருப்பூர் பெருமையாகக் காட்டுவதும் இந்தக் கழிவில்லாச் சாயத்தைத்தான். மிஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் இன்னும் பாக்கி.

பனியன் கம்பெனியோ, உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, எங்கேயும் கதை இதுதான். கூட்டம் நடக்கும், டீயும் வடையும் வரும். மினிட்ஸ் புத்தகத்தில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள், பணம் எங்கிருந்து, செய்யாவிட்டால் யார் கேட்பது என்ற நாலு விஷயமும் அந்தப் பக்கத்தில் இருக்காது. வியூகம் வகுக்க ஆலோசகருக்குப் பணம் கட்டுகிறோம். அதைக் கேள்வி கேட்க, உறவும் வியாபாரமும் இல்லாத ஒரே ஒரு ஆளை இயக்குநர் குழுவில் உட்கார வைக்கத் தயங்குகிறோம்.

உங்கள் நிறுவனத்தின் அடுத்த கூட்டத்தில் புதுத் தீர்மானத்துக்குப் போகும் முன், போன கூட்டத்தின் தீர்மானங்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஓரத்தில் குறிக்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப விடாதீர்கள்.